எஃப்ரென் ரேயெஸ்: பெயரை மறைத்து ஆடிய பூல் வீரர்

எஃப்ரென் மனலாங் ரேயெஸ் (பிறப்பு: ஆகஸ்ட் 26, 1954) பிலிப்பைன்ஸ் நாட்டைச் சேர்ந்த பூல் ஆட்டக்காரர். "மந்திரவாதி" என்ற பொருளில் "தி மேஜிசியன்" என்றும், தகலோக் மொழியில் "சிறுவன்" என்ற பொருளில் "பாத்தா" என்றும் அழைக்கப்படுகிறார். 1999ஆம் ஆண்டு உலக நைன்-பால் பட்டத்தையும் 2004ஆம் ஆண்டு உலக எய்ட்-பால் பட்டத்தையும் வென்றவர்.

இவருடைய வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பட்டங்கள் கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இவருடன் மேசையில் நின்ற ஆட்டக்காரர்கள் இவரைத் தலைசிறந்தவர்களுள் ஒருவராக ஏற்றுக்கொண்டிருந்தனர். 1985இல் அமெரிக்காவில் ஆடச் சென்றபோது, சொந்தப் பெயரைச் சொன்னால் யாரும் பந்தயத்துக்கு வரமாட்டார்கள் என்ற நிலை இருந்தது. அந்த மதிப்பு எப்படி உருவானது, எந்தத் திறமையின் மேல் நின்றது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பூல் ஆட்டம்: சிறு அறிமுகம்

பூல் மேசையின் ஆடுபரப்பு, போட்டிகளில் பயன்படும் பெரிய மேசையில், சுமார் எட்டேகால் அடி நீளமும் அதில் பாதி அகலமும் கொண்டது. கற்பலகையின் மேல் துணி இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். நான்கு மூலைகளிலும் நீளப்பக்கங்களின் நடுவிலும் ஆக ஆறு குழிகள் உண்டு. ஓரங்களில் குஷன் எனப்படும் ரப்பர் விளிம்பு இருக்கும். ஆட்டக்காரர் கியூ என்ற கோலால் வெள்ளைப் பந்தை மட்டுமே அடிப்பார். வெள்ளைப் பந்து மோதி, எண் பொறித்த வண்ணப் பந்துகள் குழியில் விழ வேண்டும். கேரம் ஆடியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஸ்ட்ரைக்கரின் இடத்தில் வெள்ளைப் பந்து இருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். ஒரு வேறுபாடு: ஸ்ட்ரைக்கரை ஒவ்வொரு முறையும் கையால் எடுத்து வைக்கலாம், வெள்ளைப் பந்து எங்கே போய் நின்றதோ அங்கிருந்துதான் அடுத்த அடியை அடிக்க வேண்டும்.

இந்த ஒரு வேறுபாட்டில்தான் பூல் ஆட்டத்தின் கடினம் முழுவதும் அடங்கியுள்ளது. ஒரு பந்தைக் குழியில் போடுவது பாதி வேலை. போட்ட பிறகு வெள்ளைப் பந்து அடுத்த பந்துக்கு ஏற்ற இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்பது மீதிப் பாதி.

நைன்-பால் என்ற ஆட்டத்தில் 1 முதல் 9 வரை எண்ணிட்ட பந்துகள் உள்ளன. மேசையில் மிஞ்சியிருக்கும் மிகக் குறைந்த எண்ணுள்ள பந்தையே வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். அவ்வாறு தொட்டபின் எந்தப் பந்து விழுந்தாலும் செல்லும். 9ஆம் எண் பந்தை முறைப்படி வீழ்த்தியவரே அந்தச் சுற்றை வென்றவர். இத்தனை சுற்றுகளை முதலில் வெல்பவருக்கு வெற்றி என்று போட்டிக்கு முன்பே முடிவு செய்வார்கள்.

இளமை

ரேயெஸ் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவிலுள்ள பம்பாங்கா மாகாணத்தில் பிறந்தார். ஐந்து வயதில் மணிலாவுக்கு அனுப்பப்பட்டு, மாமா ஒருவரின் வீட்டில் வளர்ந்தார். அந்த மாமா "லக்கி 13" என்ற பில்லியர்ட்ஸ் கூடத்தை நடத்தி வந்தார். சிறுவன் எஃப்ரென் அங்கே எடுபிடி வேலைகள் செய்தான். பகலில் வாடிக்கையாளர்கள் ஆடுவதைப் பார்ப்பதும், ஆள் இல்லாத நேரத்தில் ஆடிப் பார்ப்பதும், இரவில் பூல் மேசையின் மேலேயே படுத்து உறங்குவதுமாக அவனுடைய நாட்கள் கழிந்தன. மேசை எட்டாத உயரம் என்பதால் குளிர்பானப் பெட்டிகளை அடுக்கி அவற்றின் மேல் ஏறி நின்று அடித்தான்.

முறையான பயிற்சியாளர் எவரும் அவனுக்கு இல்லை. ஆனால் கற்பதற்கு வேறொரு வசதி இருந்தது. பலவகை ஆட்டக்காரர்களின் கையையும் கண்ணையும் நாள் முழுவதும் அருகில் இருந்து பார்க்கும் வாய்ப்பு அது. பணம் வைத்து ஆடுவது அக்கூடங்களில் வழக்கமாக இருந்ததால், ரேயெஸும் இளம் வயதிலேயே பந்தய ஆட்டங்களுக்கு வந்துவிட்டார்.

அந்த வட்டாரத்தில் எஃப்ரென் என்ற பெயரில் வயதில் மூத்த ஆட்டக்காரர் ஒருவரும் இருந்தார். இருவரையும் பிரித்தறிய இளையவரைப் "பாத்தா" என்று அழைத்தனர். எழுபது வயதைக் கடந்த பிறகும் அந்தப் பெயர் அவருடன் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ரொட்டேஷன் கற்றுத்தந்த பாடம்

பிலிப்பைன்ஸில் ரேயெஸ் வளர்ந்த காலத்தில் பரவலாக ஆடப்பட்டது ரொட்டேஷன் என்ற ஆட்டம். இதில் ஒன்பதுக்குப் பதிலாகப் பதினைந்து பந்துகள். இங்கும் குறைந்த எண்ணுள்ள பந்தையே முதலில் தொட வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் அதன் மேல் எழுதியிருக்கும் எண்ணே மதிப்பெண். 1 முதல் 15 வரை கூட்டினால் 120 வரும். ஆகவே பாதிக்கு மேல், அதாவது 61 மதிப்பெண் எடுத்தவர் வென்றவர் ஆகிறார்.

ஒன்பது பந்துகளுக்கும் பதினைந்து பந்துகளுக்கும் உள்ள வேறுபாடு எண்ணிக்கையோடு முடிந்துவிடுவதில்லை. பதினைந்து பந்துகள் சிதறிக் கிடக்கும் மேசையில், அடிக்க வேண்டிய பந்து பெரும்பாலும் வேறொரு பந்தின் பின்னால் மறைந்திருக்கும். நேர் வழி அடைபட்டிருக்கும்போது வெள்ளைப் பந்தைக் குஷனில் மோதித் திருப்பித்தான் இலக்கைத் தொட முடியும். இப்படி அடிப்பதைக் கிக் என்பார்கள். மேலும், வெள்ளைப் பந்து நெரிசலுக்கு நடுவே குறுகிய சந்துகளில் போய் நிற்க வேண்டியிருக்கும். இந்த இரண்டையும் ரொட்டேஷன் ஆடியவர்கள் நாள்தோறும் செய்து பழகினார்கள்.

இதனுடன், குழிகளே இல்லாத மேசையில் மூன்று பந்துகளைக் கொண்டு ஆடும் கேரம் பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும் ரேயெஸ் தேர்ந்தவர். அதன் ஒரு வகையான மூன்று குஷன் ஆட்டத்தில், ஆட்டக்காரரின் பந்து இரண்டாவது இலக்குப் பந்தைத் தொடுவதற்கு முன் குறைந்தது மூன்று முறை குஷனில் மோதியிருக்க வேண்டும். குஷனில் மோதிய பந்து எந்தக் கோணத்தில் திரும்பும் என்பதைக் கற்க இதைவிடச் சிறந்த பள்ளி கிடையாது. பிற்காலத்தில் "மந்திரம்" என்று வியக்கப்பட்டது இந்த இரண்டு ஆட்டங்களிலும் பல ஆண்டுகள் பழகியதால் வந்த கணக்கறிவே ஆகும்.

சக ஆட்டக்காரர்கள் அளக்கும் முறை

பெரும்பாலான விளையாட்டுகளில் ஒருவரின் தரத்தைப் பட்டங்களைக் கொண்டும் தரவரிசையைக் கொண்டும் அறிகிறோம். பூல் கூடங்களில் அதற்கு முன்பே இன்னொரு அளவுகோல் இருந்து வந்துள்ளது. அதுவே சலுகை.

சம பலம் இல்லாத இருவர் பணம் வைத்து ஆடும்போது, வலியவர் எளியவருக்கு ஏதேனும் சலுகை தர வேண்டும். நைன்-பாலில் வலியவர் 9ஆம் பந்தை வீழ்த்தினால்தான் வெற்றி, எளியவருக்கோ 8ஆம் பந்தை வீழ்த்தினாலும் வெற்றி என்று ஒப்புக்கொள்வது ஒரு வகை. வலியவர் ஒன்பது சுற்றுகள் வெல்ல வேண்டும், எளியவருக்கு ஏழு போதும் என்பது இன்னொரு வகை. எவ்வளவு சலுகை என்பது பேரம் பேசித் தீர்மானிக்கப்படும். பேரம் பேசுபவர் தம் சொந்தப் பணத்தை வைத்து ஆடுவதால், எதிரியின் திறமையைக் கூட்டியோ குறைத்தோ மதிப்பிட்டால் இழப்பு அவருக்கே.

இந்த முறையில் புகழ்ச்சிக்கு இடமில்லை. ஒருவரைச் சிறந்தவர் என்று வாயால் சொல்வது எளிது. அவருடன் சமமாக ஆட மறுப்பது, பெரிய சலுகை கேட்பது, சலுகை கொடுத்தாலும் வேண்டாம் என்று விலகுவது ஆகியவையே உண்மையான மதிப்பீடுகள். அதே சமயம் இதில் ஒரு கொடுமையும் உண்டு. திறமை வளர வளர எதிரில் நிற்க ஆள் குறையும். அதனால் வருமானமும் குறையும். பந்தய ஆட்டத்தை நம்பிப் பிழைப்பவருக்கு நற்பெயரே தடையாகிவிடும். 1980களின் தொடக்கத்தில் ரேயெஸ் இந்த நிலையில்தான் இருந்தார்.

1985: சீசர் மொராலெஸ்

ரேயெஸுக்கு முன்பே அவருடைய நாட்டவரான ஹோசே பரிகா அமெரிக்கா சென்று ஆடி, பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர்களின் தரத்தை அங்கே உணர்த்தியிருந்தார். எஃப்ரென் ரேயெஸ் என்ற ஒருவர் இருக்கிறார் என்ற செய்தியும் அமெரிக்கப் பூல் வட்டாரத்தை எட்டியிருந்தது. ஆனால் அவர் முகம் அங்கே பலருக்குத் தெரியாது. ஆட்டங்களின் ஒளிப்பதிவுகள் எங்கும் பரவியிராத காலம் அது.

1985இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் ரெட்ஸ் என்ற பூல் கூடத்தில் நடந்த நைன்-பால் போட்டிக்கு ரேயெஸ் வந்தார். சீசர் மொராலெஸ் என்ற பெயரில் பதிவு செய்துகொண்டார். சொந்தப் பெயரைச் சொன்னால் போட்டிக்கு வெளியே பந்தய ஆட்டத்துக்கு யாரும் முன்வரமாட்டார்கள் என்பதே காரணம். யாருக்கும் தெரியாத அந்த மொராலெஸ் போட்டியை வென்றார். உண்மைப் பெயர் வெளிப்பட அதிக காலம் ஆகவில்லை. அதன்பின் ஹூஸ்டனில் நடந்தது அமெரிக்கா முழுவதும் பூல் கூடங்களில் பேசப்படும் கதையாயிற்று.

அப்போது ரேயெஸிடம் உலகப் பட்டம் எதுவும் இல்லை. முதல் உலகப் பட்டம் கிடைக்க இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. இருந்தும் ஆட்டக்காரர்களுக்குள் அவர் இடம் உறுதியாகிவிட்டது.

விதி மாற்றமும் கிக் அடியின் மதிப்பும்

ரேயெஸின் வருகை நைன்-பால் விதிகள் மாறிக்கொண்டிருந்த காலத்தில் அமைந்தது. பழைய முறையில், இலக்குப் பந்து மறைந்திருந்தால் ஆட்டக்காரர் வெள்ளைப் பந்தை வேறொரு இடத்துக்கு உருட்டிவிடலாம். அங்கிருந்து அடிப்பதா, அல்லது உருட்டியவரையே அடிக்கச் சொல்வதா என்று எதிரி தீர்மானிப்பார். ஆகவே மறைந்த பந்தைக் குஷன் வழியாகத் தேடித் தொடும் கலை அவ்வளவு அவசியமாக இருக்கவில்லை. தொலைவிலிருந்து துல்லியமாகக் குழியில் போடுபவர்களே அன்று கொடிகட்டிப் பறந்தனர்.

1980களில் புதிய முறை பரவியது. இதன்படி முதல் அடிக்கு அடுத்த அடியில் மட்டுமே உருட்டிவிடும் சலுகை உண்டு. அதன்பின் எப்போது குறைந்த எண் பந்தைத் தொடத் தவறினாலும், எதிரி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து மேசையில் விரும்பிய இடத்தில் வைத்து அடிக்கலாம். தேர்ந்த ஆட்டக்காரருக்கு இது சுற்றையே தட்டில் வைத்துக் கொடுப்பதற்குச் சமம்.

இதனால் இரண்டு திறமைகளின் விலை உயர்ந்தது. ஒன்று, எதிரிக்கு இலக்கு தெரியாதபடி வெள்ளைப் பந்தை மறைத்து நிறுத்தும் பாதுகாப்பு ஆட்டம். மற்றொன்று, அப்படி மறைக்கப்பட்ட நிலையிலிருந்து குஷன் வழியாகத் தப்பும் கிக். ரொட்டேஷனில் வளர்ந்த ரேயெஸுக்கு இரண்டும் பழகிய வேலைகள்.

அன்று பலர் கிக் அடித்தது, எப்படியாவது பந்தைத் தொட்டுத் தவறைத் தவிர்ப்பதற்காக. ரேயெஸ் அதற்கு மேலும் ஒரு படி சென்றார். இலக்குப் பந்தின் எந்தப் பக்கத்தில் தொட வேண்டும், தொட்டபின் இரண்டு பந்துகளும் எங்கே போய் நிற்க வேண்டும் என்று தீர்மானித்து அடித்தார். அதனால் சில சமயம் பந்து குழியில் விழுந்தது. விழாதபோதும் எதிரிக்கு நல்ல அடி கிடைக்கவில்லை. பாதுகாப்பாக மறைத்துவிட்டோம் என்று நாற்காலியில் போய் அமர்ந்தவர், தாமே சிக்கலில் மாட்டியிருப்பதைக் கண்டார்.

திறமையின் கூறுகள்

ரேயெஸின் ஆட்டத்தைப் பின்வருமாறு பிரித்துப் பார்க்கலாம்.

கோண அறிவு: குஷனில் மோதும் பந்து, வந்த கோணத்துக்குச் சமமான கோணத்தில் திரும்பும் என்பது பள்ளியில் ஒளியைப் பற்றிப் படிக்கும் விதியை ஒத்தது. ஆனால் பூல் மேசையில் அந்த விதி அப்படியே நிற்பதில்லை. பந்தின் பக்கச் சுழற்சி கோணத்தை விரிக்கும் அல்லது சுருக்கும். வேகம் அதிகமானால் ரப்பர் அதிகம் அமுங்கிக் கோணம் மாறும். துணி புதிதா பழையதா, காற்றில் ஈரம் எவ்வளவு என்பவையும் கணக்கில் சேரும். ஆட்டக்காரர்கள் ஓரங்களில் பதிக்கப்பட்ட புள்ளிகளை எண்ணிக் கணக்கிடுவது உண்டு. புள்ளிகள் தரும் விடையை அன்றைய மேசைக்கு ஏற்பத் திருத்திக்கொள்வதில்தான் அனுபவம் தேவைப்படுகிறது.

கை: கியூவின் பின்முனைக்கு அருகில் பிடித்து, நீண்ட வீச்சுடன், மணிக்கட்டைத் தளர்வாக வைத்து அடிப்பது ரேயெஸின் பாணி. பாடநூல்கள் சொல்லும் இறுக்கமான, குறுகிய வீச்சுக்கு இது மாறானது. இப்பாணியைப் பின்பற்றினால் துல்லியம் குறையும் என்று பயிற்சியாளர்கள் சொல்வதுண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆயினும் மெதுவான அடியிலும் பந்துக்கு மிகுந்த சுழற்சி தர அந்தத் தளர்வான கை உதவியது.

மாற்று வழி காணுதல்: எதிரிக்கும் பார்வையாளருக்கும் ஒரே ஒரு வழி தெரியும் இடத்தில் இவருக்கு மூன்று நான்கு வழிகள் தெரிந்தன. அவற்றுள் தவறினாலும் நட்டம் குறைவான வழியைத் தேர்ந்தெடுப்பார். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் துணிச்சலாகத் தோன்றும் அடி, பல சமயம் உண்மையில் அதிகப் பாதுகாப்பான அடியாக இருந்தது.

பொறுமை: ஆட்டத்தின் முடிவு எப்படி இருந்தாலும் முகத்தில் மாற்றம் காட்டாதவர். அதிர்ஷ்டத்தால் பந்து விழுந்தாலும், அற்புதமான அடி அடித்தாலும், தலையைச் சொறிந்துகொண்டு ஒரு சிறு சிரிப்புடன் அடுத்த அடிக்குப் போய்விடுவார்.

முதல் அடியில், அதாவது பந்துகளைச் சிதறடிக்கும் பிரேக்கில், அவரைவிட வலியவர்கள் பலர் இருந்தனர். அவருடைய நண்பரும் கூட்டாளியுமான பிரான்சிஸ்கோ புஸ்தமாந்தே அவர்களுள் ஒருவர். பிரேக் சரியாக அமையாத சுற்றுகளில் என்ன செய்வது என்பதில்தான் ரேயெஸ் மற்றவர்களை விஞ்சினார்.

ஸ்ட்ரிக்லாண்டுடன் இரண்டு மோதல்கள்

1994இல் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்த அமெரிக்க ஓபன் நைன்-பால் போட்டியின் இறுதியாட்டத்தில் நிக் வார்னரை ரேயெஸ் வென்றார். அமெரிக்கர் அல்லாத ஒருவர் இப்பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை.

அக்காலத்தில் அமெரிக்காவின் முன்னணி நைன்-பால் ஆட்டக்காரர் ஏர்ல் ஸ்ட்ரிக்லாண்ட். அமெரிக்க ஓபனை ஐந்து முறை வென்றவர். மூன்று முறை உலகப் பட்டம் பெற்றவர். வேகமாக ஆடுபவர், உணர்ச்சிகளை மறைக்காதவர். அமைதியான ரேயெஸுக்கு எல்லா வகையிலும் நேர் எதிரானவர். இருவருக்கும் இடையே நடந்த ஆட்டங்களில் இரண்டு இன்றும் பேசப்படுகின்றன.

முதலாவது, 1995இல் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் நடந்த சாண்ட்ஸ் ரீஜென்சி போட்டி. முதலில் 13 சுற்றுகளை எடுப்பவருக்கு வெற்றி. ஆட்டம் 12-12 என்ற சமநிலைக்கு வந்துவிட்டது. கடைசிச் சுற்றில் ரேயெஸுக்கு இலக்குப் பந்து மறைந்துவிட்டது. தொடத் தவறினால் ஸ்ட்ரிக்லாண்டுக்கு வெள்ளைப் பந்து கையில் கிடைக்கும், போட்டி முடிந்துவிடும். ரேயெஸ் வெள்ளைப் பந்தை மேசையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இருமுறை குஷனில் மோதித் திரும்பும்படி அடித்தார். ஆங்கில எழுத்தான இசட் வடிவில் சென்ற பந்து இலக்கைத் தொட்டதோடு நில்லாமல் அதைக் குழியிலும் வீழ்த்தியது. அந்தச் சுற்றும் போட்டியும் அவருடையவை ஆயின. "இசட் அடி" என்ற பெயருடன் இது பூல் வரலாற்றில் இடம்பெற்றது.

இரண்டாவது, 1996இல் ஹாங்காங்கில் நடந்த "கலர் ஆஃப் மணி" போட்டி. இருவர் மட்டுமே ஆடிய இதில், மூன்று நாட்களில், முதலில் 120 சுற்றுகளை வெல்பவருக்கு ஒரு லட்சம் டாலர். தோற்றவருக்கு எதுவும் இல்லை. இவ்வளவு நீண்ட ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு மிகவும் குறைந்துவிடும். ஒரு கட்டத்தில் ஸ்ட்ரிக்லாண்ட் 17 சுற்றுகள் முன்னிலையில் இருந்தார். ரேயெஸ் சிறிது சிறிதாக அந்த இடைவெளியைக் குறைத்து, இறுதியில் 120-117 என்று வென்றார். மொத்தம் 237 சுற்றுகள் ஆடி, மூன்றே சுற்று வித்தியாசத்தில் முடிந்த ஆட்டம் இது. ரேயெஸ் வென்றார் என்பதோடு, ஸ்ட்ரிக்லாண்ட் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்பதையும் இந்த எண்கள் காட்டுகின்றன.

கார்டிஃப் 1999

1999இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் நடந்த உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் தைவானின் சாங் ஹாவ்-பிங்கை 17-8 என்ற கணக்கில் ரேயெஸ் வென்றார். அப்போது அவருக்கு வயது 44. தொலைக்காட்சி வழியாக இந்த வெற்றி பிலிப்பைன்ஸ் வீடுகளுக்குச் சென்றது. சூதாடிகளின் இடம் என்று பெற்றோர் பிள்ளைகளை எச்சரித்து வந்த பில்லியர்ட்ஸ் கூடங்களின் பெயர், நாட்டின் பெருமையோடு சேர்த்துப் பேசப்படலாயிற்று.

அதன்பின் வெற்றிகள் தொடர்ந்தன. 2001இல் டோக்கியோவில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் ஆடிய போட்டியின் இறுதியில் நெதர்லாந்தின் நீல்ஸ் ஃபெயனை 15-7 என வென்று இரண்டு கோடி யென் பரிசு பெற்றார். 2004இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைரா நகரில் தம் நாட்டவரான மார்லோன் மனாலோவை 11-8 என வென்று உலக எய்ட்-பால் பட்டத்தை எடுத்தார். பூல் ஆட்டத்தின் இரண்டு வெவ்வேறு பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற முதல் ஆடவர் இவரே. 2006இல் புஸ்தமாந்தேயுடன் இணைந்து, இருவர் அணிகளுக்கான முதல் உலகக் கோப்பையை வென்றார். அந்த இணையே 2009இலும் அக்கோப்பையை வென்றது.

2006இல் ரீனோவில் நடந்த எய்ட்-பால் போட்டியில் ரோட்னி மோரிஸை இறுதியில் வென்றபோது அறிவிக்கப்பட்ட பரிசு ஐந்து லட்சம் டாலர். ஆனால் போட்டியை நடத்திய அமைப்பு பணநெருக்கடியில் சிக்கியதால், ஆட்டக்காரர்களுக்குப் பரிசுத்தொகை உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கும் இந்த விளையாட்டு உறுதியான வருமானம் தராது என்பதற்கு இது ஒரு சான்று.

ஒன்-பாக்கெட்: அறிந்தவர்கள் மதிக்கும் ஆட்டம்

பொதுமக்கள் நைன்-பாலைப் பார்க்கிறார்கள். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் மதிப்பிட ஒன்-பாக்கெட் ஆட்டத்தைப் பார்ப்பதுண்டு. இதில் மேசையின் ஒரு முனையிலுள்ள இரண்டு மூலைக் குழிகளில் ஆளுக்கு ஒன்று மட்டுமே சொந்தம். தம் குழியில் எட்டுப் பந்துகளை முதலில் வீழ்த்துபவர் வென்றவர். எதிரியின் குழிக்கருகே பந்து போகாமல் காப்பதும், தம் குழிக்கருகே பந்துகளைச் சேர்ப்பதுமாக ஆட்டம் நகரும். வேகத்தைவிட யோசனைக்கே இங்கு இடம் அதிகம் என்பதால் இதைச் சதுரங்கத்துடன் ஒப்பிடுவார்கள்.

இது அமெரிக்காவில் வேரூன்றிய ஆட்டம். ரேயெஸ் சிறுவயதில் ஆடிப் பழகியது அல்ல. இருந்தும் ஒன்-பாக்கெட்டிலும் அவர் முதல் வரிசைக்கு வந்தார். அமெரிக்காவில் 1999 முதல் நடந்துவரும் டெர்பி சிட்டி கிளாசிக் என்ற விழாவில் நைன்-பால், ஒன்-பாக்கெட், பேங்க் பூல் ஆகிய மூன்று பிரிவுகளிலும் சேர்த்துச் சிறந்து விளங்குபவருக்கு "மாஸ்டர் ஆஃப் தி டேபிள்" என்ற பட்டம் தரப்படுகிறது. இதை ரேயெஸ் ஐந்து முறை பெற்றார். ஒரே வகை ஆட்டத்தில் மட்டும் தேர்ந்தவருக்கு இது எட்டாது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவில் பூல் ஆட்டங்களை ஒளிப்பதிவு செய்துவந்த அக்யூ-ஸ்டாட்ஸ் நிறுவனம், ஆட்டக்காரரின் தரத்தை எண்ணால் காட்ட ஒரு முறையை வகுத்தது. வீழ்த்திய பந்துகளின் எண்ணிக்கையை, அந்த எண்ணிக்கையோடு தவறுகளையும் கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். ஒருவர் 81 பந்துகளை வீழ்த்தி 9 தவறுகள் செய்தால், 81ஐ 90ஆல் வகுக்க 0.900 கிடைக்கும். இந்த அளவைத் தொடர்ந்து எட்டுபவர் உலகத்தரம் வாய்ந்தவர் எனப்படுகிறார்.

இது பயனுள்ள கணக்கு. ஆனால் இதில் ஒரு குறை உண்டு. குழியின் வாயில் நிற்கும் பந்தைத் தட்டிவிடுவதும், ரீனோவில் அடித்த இசட் அடியும் இக்கணக்கில் ஒவ்வொரு பந்தாகவே சேரும். ஒரு கிக் அடியால் எதிரியின் மனத்தில் ஏற்படும் தயக்கம் எந்தக் கணக்கிலும் சேராது. பாதுகாப்பாக மறைத்தாலும் இவர் தப்பிவிடுவார் என்று தெரிந்தபின், எதிரி மறைப்பதை விட்டுவிட்டுக் கடினமான அடிகளை முயல்வார், அதில் தவறுவார். அந்தத் தவறு எதிரியின் கணக்கில்தான் பதிவாகும். மேசையின் மறுபக்கத்தில் நின்றவர்களுக்கே இதன் காரணம் தெரியும். ரேயெஸைப் பற்றிய சக ஆட்டக்காரர்களின் மதிப்பு, பட்டியல்களில் தெரிவதைவிட உயர்ந்து நிற்பதற்கு இது முக்கியக் காரணம்.

2003இல் பில்லியர்ட் காங்கிரஸ் ஆஃப் அமெரிக்கா தன் புகழ்மிக்கோர் வரிசையில் ரேயெஸைச் சேர்த்தது. அவ்வரிசையில் இடம்பெற்ற முதல் ஆசியர் அவர். ஒரு காலத்தில் பெயரை மறைத்துக்கொண்டு ஆட வந்த நாட்டிலேயே, அந்தப் பெயர் முறைப்படி பொறிக்கப்பட்டது.

பின்வந்தவர்கள்

ரேயெஸுக்குப் பிறகு பிலிப்பைன்ஸிலிருந்து உலகத்தர ஆட்டக்காரர்கள் வரிசையாக வந்தனர். ரொனாத்தோ அல்கானோ 2006இலும், பிரான்சிஸ்கோ புஸ்தமாந்தே 2010இலும், கார்லோ பியாடோ 2017இலும் உலக நைன்-பால் பட்டம் வென்றனர். 2011இல் டென்னிஸ் ஒர்கோல்லோ உலக எய்ட்-பால் பட்டம் வென்றார். மகளிரில் ரூபிலென் அமித் 2009, 2013 ஆண்டுகளில் உலக டென்-பால் பட்டத்தையும், 2024இல் உலக நைன்-பால் பட்டத்தையும் பெற்றார். செஸ்கா சென்டெனோ 2023இல் உலக டென்-பால் பட்டம் பெற்றார்.

1994இல் ரேயெஸ் வென்ற அமெரிக்க ஓபன் பட்டம், அடுத்த 27 ஆண்டுகள் வேறெந்த பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரருக்கும் கிடைக்கவில்லை. 2021இல் கார்லோ பியாடோ அதை வென்றார். 2025இல் ஜெட்டாவில் நடந்த உலகப் போட்டியையும் வென்று இரண்டாம் முறை உலகப் பட்டம் பெற்றார்.

இன்று எழுந்துவரும் இளம் ஆட்டக்காரர் யாரும் ரேயெஸைப் போல் பெயரை மறைக்க முடியாது. ஒருவர் ஒரு சிற்றூரில் நன்றாக ஆடினால் அடுத்த நாளே அந்த ஆட்டம் உலகம் முழுவதும் கைப்பேசியில் தெரிந்துவிடுகிறது. போட்டி முடிவுகளைக் கொண்டு ஆட்டக்காரரின் தரத்தைக் கணிக்கும் கணினி முறைகளும் வந்துவிட்டன. ஆனால் கிக் அடியை ஒரு தற்காப்பாக மட்டும் நினைக்காமல், வெல்லும் வழியாகவே பயிலும் வழக்கம் இப்போது எல்லா நாட்டு ஆட்டக்காரர்களிடமும் உள்ளது. மறைந்த பந்தின் எந்தப் பக்கத்தைத் தொடுவது என்று இன்றைய இளைஞர் ஒருவர் குனிந்து கணக்கிடும்போது, மணிலாவின் லக்கி 13 கூடத்தில் குளிர்பானப் பெட்டி மேல் நின்ற சிறுவன் தொடங்கிவைத்த முறையையே அவர் பின்பற்றுகிறார்.